பாரம்பரிய நெல் ரகங்கள்: விதை முளைப்பு முதல் நாற்றுப் பறிப்பு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில், வரும் உழவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் சேகரித்துப் பரப்பிய 174 ரகங்களில் பல இன்று தமிழ்நாட்டின் வயல்களில் நிற்கின்றன. அப்படி 2 கிலோ விதையோடு வீடு திரும்பும் ஒருவருக்கு முளைப்பு என்பது மிகுந்த கவலைக்குரிய கட்டம். கடையில் வாங்கிய மூட்டை முளைக்காவிட்டால் வேறு மூட்டை வாங்கிக்கொள்ளலாம். அரிதாகக் கிடைத்த ஒரு ரகத்தின் 2 கிலோ கெட்டுப்போனால் அந்தப் பட்டமே போய்விடும். சில சமயம் அந்த ரகமே கைவிட்டுப் போய்விடும். கீழே உள்ளவை அவ்வாறு விதை பெற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

பாரம்பரிய ரகங்களுக்கு முளைப்புத்திறன் இயல்பாகவே குறைவா?

இல்லை. இது பரவலாக உள்ள தவறான எண்ணம். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்பு இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் உள்ள விதிமுறை. நன்கு முற்றி, சரியாகக் காய்ந்து, பூச்சி படாமல் இருந்த மாப்பிள்ளைச் சம்பாவோ தூயமல்லியோ அந்த அளவைத் தயக்கமின்றி எட்டும். பாரம்பரிய விதை முளைக்கவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: அறுவடை முடிந்து சில வாரங்களே ஆன, உறக்கம் கலையாத விதை; ஈரம் போகாமல் மூட்டை கட்டப்பட்டு உள்ளேயே உயிரிழந்த விதை; ஊறவைக்கும்போதும் முளைகட்டும்போதும் மூச்சுமுட்டிய விதை. இந்த மூன்றும் ரகத்தின் குறைகள் அல்ல. சந்தை விதை தரம் பிரித்து, சோதித்து, நாள் குறித்து வருகிறது. கைமாறி வரும் விதைக்கு அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

நீரில் போட்ட விதைக்குள் என்ன நடக்கிறது?

நெல்மணியின் அடிப்பக்கத்தில், காம்பு இருந்த இடத்தை ஒட்டி, முளைக்கரு ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிசி தீட்டும்போது உதிர்ந்துபோகும் சிறு வெண்புள்ளி அதுதான். மீதி முழுவதும் மாவு. அதாவது அந்தக் கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

காய்ந்த விதை முதலில் வேகமாக நீரை உறிஞ்சும். இது உயிர்ச்செயல் அன்று. செத்த விதையும் இதே போல நீரை இழுத்து உப்பும். ஆகவே ஊறிப் பருத்துவிட்டது என்பதை வைத்து விதை நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரை ஏற்ற பிறகு உறிஞ்சுதல் மட்டுப்படுகிறது. வெளியில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும் இந்த இடைவேளையில்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. முளைக்கருவிலிருந்து ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கி சுரந்து, மாவைச் சுற்றியுள்ள அலூரோன் அடுக்கைச் சென்றடைகிறது. அந்த அடுக்கு ஆல்பா அமைலேஸ் என்னும் நொதியை வெளியிடுகிறது. நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. சர்க்கரை முளைக்கருவுக்குத் திரும்பி வருகிறது. முளைகட்டிய நெல்லைக் கடித்தால் நாவில் படும் இலேசான இனிப்பு இந்த வேலையின் அடையாளம்.

சர்க்கரையை எரித்து ஆற்றலாக்க ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஊறத் தொடங்கிய நேரம் முதல் விதை மூச்சுவிடும் உயிர். நீர், காற்று, இளஞ்சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முளைப்பு. வெப்பத்தில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் நெல்லுக்கு மிக உகந்தது. 10 டிகிரிக்குக் கீழே முளைப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 42 டிகிரிக்கு மேல் முளைக்கரு கெடத் தொடங்கும்.

போன மாதம் அறுத்த பூங்கார் விதையை ஊறவைத்தேன். பாதிகூட முளைக்கவில்லை. விதை செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. அது உறங்குகிறது. அறுத்த உடனே முளைக்காமல் சில வாரங்களோ சில மாதங்களோ காத்திருக்கும் இயல்பு நம் நெல் ரகங்கள் பலவற்றுக்கு உண்டு. இதை விதை உறக்கம் என்கிறோம். உமியும் அதற்கு உள்ளே இருக்கும் தோலும் காற்றைத் தடுப்பது ஒரு காரணம். அப்சிசிக் அமிலம் என்னும் மற்றொரு ஊக்கி ஜிப்ரலினை எதிர்த்து நிற்பது இன்னொரு காரணம்.

இந்த உறக்கம் பயிருக்குக் காவல். அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்து, சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால், உறக்கமில்லாத ரகம் கதிரிலேயே முளைத்துவிடும். குறுவை அறுவடையின்போது புரட்டாசி, ஐப்பசி மழையில் சிக்கியவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்: தாளில் இருக்கும்போதே பச்சை முளை எட்டிப்பார்க்கும் கதிர். உறக்கம் உள்ள ரகம் அதே மழையில் பெரிதும் தப்பிக்கும்.

சிவப்பரிசி ரகங்களில் இந்த இயல்பு கூடுதலாகக் காணப்படுவதற்கு ஒரு மரபியல் காரணமும் உண்டு. அரிசித் தோலுக்குச் சிவப்பு நிறம் தரும் மரபணு, அப்சிசிக் அமிலத்தின் அளவையும் உயர்த்தி உறக்கத்தை ஆழப்படுத்துகிறது என்று சிவப்புக் களை நெல்லை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பூங்கார், குள்ளகார், காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி ரகங்களை விதைப்பவர் இதை மனத்தில் வைப்பது நல்லது.

பழைய பட்ட முறையில் இது ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. தை, மாசியில் அறுத்த சம்பா விதை, ஆடி, ஆவணி வரை ஆறு மாதம் வைக்கோலால் கட்டிய விதைக்கோட்டையிலோ குதிரிலோ கிடந்து, விதைக்கும் நேரத்தில் தானாகவே உறக்கம் கலைந்திருக்கும். குறுவையில் அறுத்த குறுகிய வயது ரகத்தை அடுத்த மாதமே, குறுவையை அடுத்து வரும் தாளடிப் போகத்துக்கு விதைக்க நினைக்கும்போதுதான் இது குறுக்கே வந்து நிற்கிறது. அவசரமென்றால் விதையைப் பல நாள்கள் இளவெயிலில் திரும்பத் திரும்பக் காயவைத்துப் பாருங்கள். உலர் வெப்பம் உறக்கத்தைக் கலைக்கும். ஆய்வகங்களில் இதற்காகவே விதையை 50 டிகிரி வெப்பத்தில் நான்கைந்து நாள் வைப்பார்கள். வீட்டு அடுப்பின் மேலோ கொதிக்கும் சிமெண்டுத் தரையிலோ அதைச் செய்து பார்க்க வேண்டாம். காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதே மேல்.

உறங்கும் விதையையும் செத்த விதையையும் எப்படிப் பிரித்தறிவது?

ஈரத்துணியில் பத்து நாள் கிடந்த பிறகு முளைக்காத விதைகளை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். செத்த விதை கூழாகப் பிதுங்கும், நாறும், பூசணம் பூத்திருக்கும். உறங்கும் விதை அப்போதும் கெட்டியாக, துப்புரவாக இருக்கும். அதில் பத்து மணிகளை எடுத்து, முளைக்கரு அடிபடாமல் நகத்தால் உமியை நீக்கி, மீண்டும் ஈரத்துணியில் வையுங்கள். உமி போனதும் இரண்டு மூன்று நாளில் முளைவிட்டால் உறக்கம் உறுதி.

விதைப்பதற்கு முன் வீட்டிலேயே முளைப்புச் சோதனை செய்வது எப்படி?

மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடங்களில் கைவிட்டு விதை எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். அதிலிருந்து தேர்ந்தெடுக்காமல், கைக்கு வந்தபடி 100 மணி எண்ணுங்கள். பருமனானவற்றைப் பொறுக்கி வைத்தால் சோதனையே பொய்யாகிவிடும். நனைத்துப் பிழிந்த கோணித் துண்டிலோ பருத்தித் துணியிலோ பத்துப் பத்தாக வரிசையில் பரப்பி, பாயைப் போலத் தளர்வாகச் சுருட்டி, நிழலில் சாய்த்து வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து வாருங்கள். விதை ஆய்வகங்களில் 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்து வைத்து, ஐந்தாம் நாள் முதல் கணக்கும் பதினான்காம் நாள் இறுதிக் கணக்கும் எடுப்பார்கள். வீட்டில் விதை மிச்சப்பட வேண்டுமானால் 100 போதும். ஆனால் ஐந்தாம் நாள் கணக்கைத் தவற விடாதீர்கள். ஐந்து நாளில் முளைத்தவை எத்தனை என்பது விதையின் வீரியத்தைச் சொல்லும். இறுதியில் 85 முளைத்தாலும், அதில் பாதி எட்டாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டியது என்றால், அந்த விதை நாற்றங்காலில் ஏற்றத்தாழ்வாகவே வரும்.

வேரும் குருத்தும் இரண்டும் உள்ள முளைகளை மட்டும் எண்ணுங்கள். குருத்து மட்டும் நீண்டு வேரில்லாதவை, வேர் நுனி கருகியவை ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். நூற்றுக்கு 80 வர வேண்டிய இடத்தில் 64 தான் வந்தது என்றால், 3 கிலோ விதைக்கும் இடத்தில் 3.75 கிலோ தேவைப்படும். 50-க்கும் கீழே போனால், அளவைக் கூட்டி ஈடுசெய்வதைவிட, இருப்பதைச் சிறு பாத்தியில் ஒற்றை நாற்றாக நட்டு விதையைப் புதுப்பித்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. முளைப்பு அவ்வளவு இறங்கிய விதையில், முளைத்தவையும் நலிந்தே இருக்கும்.

முட்டை மிதக்கும் உப்புக் கரைசல் முறை எல்லா ரகங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும், சிறு கவனங்களோடு. 10 லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்தால், புதிய கோழிமுட்டை மேலெழுந்து நாணய அளவுக்குத் தலைகாட்டும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டிக் கலக்கினால் பதரும் அரைமணியும் நோயுற்ற மணியும் மிதக்கும். மாவு நிறைந்தது அடியில் தங்கும். முட்டை பழையதானால் உள்ளே காற்றறை பெருத்து வெறும் நீரிலேயே மிதக்கும். ஆகவே முதலில் வெறும் நீரில் மூழ்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசாவிட்டால், உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

மணியின் நுனியில் நீண்ட மீசை உள்ள ரகங்களில் காற்றுக்குமிழிகள் மீசையில் சிக்கி, நல்ல விதையையும் மிதக்க வைக்கும். அவற்றை நன்றாகக் கையால் அளைந்து, குமிழி போன பிறகே மிதப்பதை அள்ள வேண்டும். கையில் இருப்பதே 2 கிலோ என்றால், உப்பு வேண்டாம். வெறும் நீரில் மிதக்கும் பதரை மட்டும் நீக்குங்கள். அரிய விதையில் ஓரளவு நலிந்த மணிக்கும் ஒரு வாய்ப்புத் தருவது நல்லது.

எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்?

பொதுவாக 24 மணி நேரம். மார்கழி, தை மாதக் குளிரில் உறிஞ்சுதல் மெதுவாக நடப்பதால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். சித்திரை வெயிலில் அவ்வளவு தேவையில்லை. மணியின் உமியை உரித்து, முளைக்கருப் பக்கம் வெள்ளைவெளேரென்று பருத்திருக்கிறதா, அரிசியை நகத்தால் குறுக்கே ஒடித்தால் நடுவில் காய்ந்த கெட்டி இல்லாமல் உடைகிறதா என்று பாருங்கள். அதுவே கடிகாரத்தைவிட நம்பத்தக்க அளவு.

சாக்கை முழுவதும் நிரப்பிக் கட்டாதீர்கள். விதை உப்பும்போது இடம் வேண்டும். தொட்டியில் ஊறவைத்தால் 12 மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நீர் பழுப்பேறி, நுரைத்து, புளித்த வாடை வந்தால் விதை காற்றில்லாமல் தவிக்கிறது என்று பொருள். நம் முன்னோர் விதைமூட்டையைக் கயிற்றில் கட்டி ஓடும் வாய்க்காலில் இறக்கி வைத்ததன் நயம் இங்கேதான் இருக்கிறது: ஓடும் நீர் காற்றைக் கொண்டுவருகிறது, கழிவைக் கொண்டுபோகிறது. இன்று மின்மோட்டார் ஓடும்போது குழாய் நீர் விழும் இடத்தில் மூட்டையை வைப்பவர்கள் அதே பயனைப் பெறுகிறார்கள்.

முளைகட்டும்போது விதை வெந்துபோகிறது என்கிறார்களே, அது எப்படி?

ஊறிய விதையை நீர்வடித்து, கோணியில் கட்டி, வைக்கோலால் மூடி, இருட்டில் 24 மணி நேரம் வைக்கிறோம். மூட்டைக்குள் இலட்சக்கணக்கான விதைகள் ஒரே நேரத்தில் மூச்சுவிடுகின்றன. மூச்சு என்பது எரிதல். எரிதல் என்றால் சூடு. பெரிய மூட்டையின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, 42 டிகிரியைக் கடந்துவிட்டால் முளைக்கருக்கள் கெடுகின்றன.

ஒருமுறை நான் 25 கிலோ தூயமல்லியை ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே கனமாக வைக்கோல் போட்டு, மறுநாள் மாலை வரை திறக்காமல் விட்டுவிட்டேன். அவிழ்த்தபோது ஓரத்தில் வெண்முளைகள் அழகாக வந்திருந்தன; நடுவில் கைவிட்டபோது சோற்றுப்பானைக்குள் விட்டதுபோல் இருந்தது. விதை வழவழத்து, அவல் ஊறிய வாடை அடித்தது. ஏறக்குறைய பாதி விதை போயிற்று. அன்றிலிருந்து ஆறு மணிக்கு ஒருமுறை மூட்டையை அவிழ்த்து, விதையைப் புரட்டி, கையளவு நீர் தெளித்து மீண்டும் கட்டுகிறேன். நடுவில் கைவிட்டால் நம் உடம்புச் சூடுபோல் இருக்க வேண்டும். அதற்கு மேல் சுட்டால் உடனே பரப்பிவிட வேண்டும். சிறு மூட்டைகளாகக் கட்டுவது இன்னும் எளிது.

முளை ஒரு நெல்லின் பாதி நீளத்தைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் வளர்ந்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வீசும்போது கொத்துக் கொத்தாக விழும். பிரிக்க முயன்றால் முளை ஒடியும். ஒடிந்த வேருக்குப் பதில் வேர் வரலாம். ஒடிந்த குருத்து மீளாது.

முதலில் வருவது வேரா, குருத்தா?

விதை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் வேர் முதலில் வரும், குருத்து பின்னே வரும். நீரில் மூழ்கிக் காற்று கிடைக்காவிட்டால் குருத்துறை மட்டும் நூலைப்போல நீளும், வேர் வெளிவராது. கோதுமையும் வாற்கோதுமையும் காற்றில்லாத இடத்தில் மாவைச் சர்க்கரையாக்க முடியாமல் அங்கேயே அடங்கிவிடும். நெல் அந்த நெருக்கடியிலும் மாவை உடைத்து, கிடைத்த ஆற்றலையெல்லாம் குருத்துறையை நீட்டுவதில் செலவிட்டு, நீர்ப்பரப்பை எட்டப் பார்க்கிறது. எட்டிவிட்டால் அந்த உறை வழியாகக் காற்று கீழிறங்கி, பிறகே வேரும் இலையும் தொடங்குகின்றன.

நாற்றங்காலில் தேங்கிய குழிகளில் வெளிறிய நீண்ட குருத்துகள் வேரூன்றாமல் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விதைகள் காற்றைத் தேடி நீண்டவை. அந்த இடத்தில் நீரை வடித்தால் ஓரிரு நாளில் வேரூன்றப் பார்க்கும்.

விதைநேர்த்திக்கு எதைப் பயன்படுத்தலாம்?

இயற்கை வழி உழவர்கள் பெரும்பாலும் பீஜாமிர்தம் பயன்படுத்துகிறார்கள்: 20 லிட்டர் நீர், 5 கிலோ நாட்டுப்பசுச் சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு கைப்பிடி வரப்பு மண். நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் கிடைத்தால் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் போதும். நுண்ணுயிர்களைக் கொண்டு நேர்த்தி செய்யும் விதையில் இரசாயனப் பூசணக்கொல்லியைச் சேர்த்தால் அந்த நேர்த்தி வீணாகலாம்.

நாற்றங்காலில் விதைத்த முதல் வாரம் நீரை எப்படிக் கையாள வேண்டும்?

பாரம்பரிய ரக நாற்றங்கால்கள் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தில்தான். சேற்றைக் கலக்கிச் சமன்செய்த உடனே விதைக்கக் கூடாது. சேறு குழம்பாக இருக்கும்போது வீசிய விதை உள்ளே அமிழ்ந்து மூச்சுமுட்டும். சேறு படிந்து, மேலே தெளிந்த நீர் மெல்லிய படலமாக நிற்கும்போது, மாலை வெயில் தாழ்ந்த பிறகு விதையுங்கள். விதை பாதி புதைந்து பாதி தெரியும்படி உட்கார வேண்டும். 18 முதல் 24 மணி நேரத்தில் நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மண் நனையும் அளவுக்கு மட்டும் பாய்ச்சுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாற்றின் உயரத்துக்கேற்ப ஒன்றரை சென்டிமீட்டர், பின்பு இரண்டரை சென்டிமீட்டர். வடிகால் வைக்காத நாற்றங்காலில் இதில் எதையும் செய்ய முடியாது என்பதால், பாத்திகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் எடுத்துவிடுங்கள்.

வழக்கமான முறையில் ஓர் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால். திருந்திய நெல் சாகுபடி முறையில் ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதையும் ஒரு சென்ட் மேட்டுப்பாத்தியும் போதும். பாரம்பரிய ரகங்களுக்கு நான் இரண்டாவது முறையையே பரிந்துரைக்கிறேன். விதை மிச்சமாகிறது, ஒற்றை நாற்றாக நடும்போது கலப்பு ரகம் எது என்று கண்ணுக்குத் தெரிகிறது. சீரகச் சம்பா போன்ற பொடிமணி ரகத்தில் ஒரு கிலோவில் மணிகளின் எண்ணிக்கை மிக அதிகம். அதைப் பெருமணி ரகத்தின் அதே எடையில் விதைத்தால் நெருங்கி, நாற்று ஊசியாக நீண்டுவிடும்.

புழுதியில் நேரடியாக விதைக்கலாமா?

தாராளமாக. குழியடிச்சான், சம்பா மோசனம் போன்றவை அந்த முறையிலேயே வளர்ந்து வந்தவை. மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் இராமநாதபுரம் போன்ற பகுதிகளில், விதை சற்று ஆழத்தில் விழுந்தாலும் மேலே வந்துவிடும் ஆற்றல் தேவை. இங்கே நெட்டை ரகங்களுக்கு உண்மையான மேன்மை இருக்கிறது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 முதல் குட்டை ரகங்கள் பெரும்பாலானவற்றில், தண்டைக் குட்டையாக்கும் மரபணு மாற்றம் உள்ளது. ஜிப்ரலின் உற்பத்தியைக் குறைப்பதே அது செயல்படும் வழி. உரத்துக்குச் சாயாமல் நிற்க அது உதவியது. ஆனால் விதையைவிட்டு எழும் இளங்குருத்தின் நீளத்தையும் வேகத்தையும் அது ஓரளவு குறைத்தது. பாரம்பரிய நெட்டை ரகத்தில் அந்தக் குறைப்பு இல்லை. விதைக்கும் குருத்தின் அடிக்கும் இடையே உள்ள சிறு தண்டு மண்ணுக்குள் நீண்டு குருத்தை மேலே தள்ளுகிறது. முதல் இலைகள் விரைந்து விரிந்து களைக்கு நிழல்கட்டுகின்றன.

அதற்காக ஆழமாகப் போட வேண்டாம். மூன்று சென்டிமீட்டர் போதும். விதையைக் கடினப்படுத்த விரும்பினால், ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில், விதையின் எடைக்குச் சமமான கரைசல் எடுத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைத்து விதைப்பார்கள். முளை வெளிவருவதற்கு முன் காயவைத்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியம்.

நாற்றை எந்த வயதில் பறிக்க வேண்டும்?

எட்டாம் நாள் ஒரு நாற்றை வேரோடு மெல்லப் பிடுங்கி, மண்ணை அலசிப் பாருங்கள். அடியில் நெல்லின் உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நசுக்கினால் பால்போல் ஒரு துளி வரும். பதினைந்தாம் நாள் அதே சோதனையைச் செய்தால் உமி தட்டையாக, வெறுமையாக இருக்கும். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது, மூன்றாம் இலை விரிந்து, நாற்று தன் இலையிலும் வேரிலும் வாழத் தொடங்கிவிட்டது. நான்காம், ஐந்தாம் இலை வரும்போது முதல் தூர், அதாவது அடியிலிருந்து வரும் பக்கக்கிளை, கிளம்பத் தயாராகும். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நடச் சொல்வதன் காரணம் இதுவே: தூர் கிளம்பும் பருவத்துக்கு முன்பே நாற்று நிலைத்த இடத்தில் வேரூன்றிவிடுகிறது.

வழக்கமான நடவில், ரகத்தின் வயது மாதம் ஒன்றுக்கு நாற்றின் வயது ஒரு வாரம் என்பது உழவர் கணக்கு. 160 நாள் மாப்பிள்ளைச் சம்பாவோ 180 நாள் காட்டுயானமோ 35, 40 நாள் நாற்றையும் தாங்கும்; ஆற்றில் நீர் வரத் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளும். அறுபதாம் குறுவைக்கு அந்தப் பொறுமை இல்லை. அதன் வாழ்நாளே இரண்டு மாதம். நாற்றங்காலில் 25 நாள் கிடந்தால் அங்கேயே கணு வைத்து, நட்ட பின் தூர்கட்டாமல் நேரே கதிருக்குப் போய்விடும். அத்தகைய குறுகிய வயது ரகங்களை 15 நாளுக்குள் பறித்துவிடுங்கள். முடிந்தால் நேரடியாக விதையுங்கள்.

நாற்று மஞ்சளாகிறது அல்லது சில நாற்றுகள் மட்டும் நெடுநெடுவென்று வளர்கின்றன. ஏன்?

முற்றிய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மட்கிய தொழுவுரமோ நீர்த்த பஞ்சகவ்யமோ போதும். புதிதாக வரும் குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. காய்ந்து கிடக்கும் மேட்டுப்பாத்தியிலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இது வரும். நீரைத் தேக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இலை நுனி ஊசிபோல் சுருண்டால், உள்ளங்கையை நனைத்து நாற்றின் மேல் தடவிப் பாருங்கள். கறுப்புப் பொடிபோல் ஒட்டுபவை இலைப்பேன்கள். நாற்று மூழ்க நீர் நிறுத்தி வடித்தால் அவை குறையும்.

கூட்டத்தில் ஓரிரு நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றால், அவற்றைக் கண்டு மகிழ வேண்டாம். விதைவழிப் பரவும் ஒரு பூசணம் தானே ஜிப்ரலினைச் சுரந்து நாற்றை இழுத்து நீட்டுகிறது. 1926-இல் குரோசவா என்னும் ஜப்பானிய அறிஞர் இந்த நோயை ஆராய்ந்தபோதுதான் ஜிப்ரலின் என்ற பொருளுக்கே தடம் கிடைத்தது. விதைக்குள் முளைப்பைத் தொடங்கி வைக்கும் அதே பொருள், அளவு மீறினால் நாற்றைக் கொல்லும் என்பதை அறிந்த நாள் முதல் நாற்றங்காலை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அந்த நாற்றுகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த வயலிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்காதீர்கள்.

உவர் நிலத்துக்கான ரகம் என்று வாங்கினேன். நன்றாக முளைத்தது, இரண்டாம் வாரம் காய்ந்துவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

அவசியமில்லை. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். கட்டுச்சோறு தீர்ந்து இரண்டு மூன்று இலைகளோடு நிற்கும் பருவத்தில்தான் அது உப்புக்கு மிக எளிதில் பலியாகிறது. தூர்கட்டிய பிறகு மீண்டும் தாங்கும். பூக்கும்போது மீண்டும் நலியும். களர் சம்பா, குழியடிச்சான் போன்ற ரகங்களுக்கும் இந்த மெலிந்த பருவம் உண்டு. மற்றவற்றைவிடக் குறைவாக மெலிகின்றன, அவ்வளவே. ஆகவே நாற்றங்காலை நல்ல மண்ணில் நல்ல நீரில் போட்டு, வழக்கத்தைவிட ஒரு வாரம் முற்றிய நாற்றாக, குத்துக்கு இரண்டு மூன்றாக உவர் வயலில் நடுங்கள். நடவுக்கு முன் வயலில் நீர்கட்டி வடித்தால் மேல்மண்ணின் உப்பு இறங்கும்.

அடுத்த ஆண்டுக்கு விதையை எப்படிச் சேமிப்பது?

முளைப்பு உண்மையில் இங்கேதான் முடிவாகிறது. ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈரம் ஒவ்வொரு விழுக்காடு குறையும்போதும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது விதையியலில் நன்கு அறியப்பட்ட விதி. காலை 8 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் தார்ப்பாயில் மெல்லப் பரப்பிக் காயவையுங்கள். உச்சிவெயிலையும் தார்ச்சாலையையும் தவிருங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

வைக்கோல் பிரியால் சுற்றிச் சாணமும் மண்ணும் பூசிய விதைக்கோட்டை, வெளி ஈரத்தைத் தடுத்து விதையை நிதானமான வெப்பத்தில் வைத்திருந்தது. இன்று மண்பானையும் நொச்சி இலையும் வேப்பிலையும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். அமாவாசைதோறும் விதையை எடுத்து வெயில் காட்டும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஈரம் போகிறது, வண்டு இருந்தால் கண்ணில் படுகிறது. ரகத்தின் பெயர், அறுத்த தேதி, எந்த வயல், முளைப்புச் சோதனையில் எத்தனை வந்தது என்று எழுதிய சீட்டு ஒன்றைப் பானைக்குள்ளும், அதே சீட்டை இன்னொன்றாக வெளியிலும் கட்டுங்கள். வெளிச்சீட்டை எலி தின்றுவிடும், உள்சீட்டு இருக்கும்.